மூட்டுத் தேய்மானம் எதனால் வருகிறது? வந்தால் என்ன ஆகும்?

மூட்டில் எலும்புகள் சந்திக்கும் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அது மெலிந்து சொரசொரப்பாகி, நாளடைவில் மூட்டு முழுவதுமே மாறிப்போவதுதான் மூட்டுத் தேய்மானம். முழங்காலில்தான் அதிகம், இடுப்பிலும் கைவிரல்களிலும்கூட வரும்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் சேதமானால் எளிதில் ஆறுவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் அழுத்தினால் நீரை விட்டு, கையை எடுத்ததும் உறிஞ்சிக்கொள்ளும் அல்லவா? காலை ஊன்றி எடுக்கும் ஒவ்வொரு முறையும் குருத்தெலும்பில் நடப்பது அதுதான்.

வயது ஒரு காரணம் மட்டுமே. பழைய அடி, பரம்பரை, மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு ஏற்படும் மாற்றங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உடல் எடை. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். என்னைக் கேட்டால், எந்தத் தைலத்தையும்விட இதுவே பெரிய மருந்து.

படி இறங்கும்போது வலிக்கும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், மூட்டு சூடாகி வீங்கினால் வேறு வகை மூட்டுவாதமாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் தொடைத் தசை மெலியும், மூட்டுக்குப் பிடிமானம் போய் வலி இன்னும் கூடும்.

கால்சியம் குறைவதால் வருவதல்ல இது. கால்சியம் மாத்திரையால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது.