உங்கள் பெயருக்குக் கீழே அவள் கையெழுத்து

கேள்வி: எங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில், மகளிர் சுய உதவிக் குழுவின் சார்பில் நான் உறுப்பினராக இருக்கிறேன். கூட்டம் என்று எதுவும் நடப்பதில்லை. தீர்மான நோட்டு வீட்டுக்கே வரும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். என் நாத்தனார் வழிச் சொந்தத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. மாசியில் அத்தை மகனுக்குக் கட்டிவைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நன்றாகப் படிக்கிற பெண். பிள்ளைகள் சார்பில் எங்கள் குழுவிலும் அவள் பெயர் இருக்கிறது. தலையிட்டால் சொந்தத்துக்குள் பகை வரும் என்று என் கணவர் தடுக்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: சகோதரி, பகை வரத்தான் செய்யும். வராது என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் இல்லை. இந்த அச்சத்தைச் சொல்லி எழுதப்பட்ட கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆனால், 'எங்கள் குழுவிலும் அவள் பெயர் இருக்கிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

2009-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வந்தபோது, கிராமந்தோறும் ஊராட்சித் தலைவரின் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஊருக்குள் குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பணிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கண்காணிப்பதுதான் அதன் வேலை. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரோடு குழந்தைகளின் பிரதிநிதிகளாக இரண்டு பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். பெரியவர்கள் கண்ணுக்குப் படாததும், பட்டாலும் அவர்கள் பேசத் துணியாததும் பிள்ளைகள் வாயிலிருந்து வரட்டும் என்பதற்காகவே அந்த இரண்டு இடங்கள் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணுடையது.

இப்போது அந்த நோட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அதே நோட்டுதான் பள்ளிக்கும் போயிருக்கும். அவளை வகுப்பிலிருந்து தாழ்வாரத்துக்கு அழைத்து, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நான் புரட்டிப் பார்த்த இத்தகைய நோட்டுகளில், 'நமது ஊராட்சியில் குழந்தைத் திருமணம் ஏதும் இல்லை' என்ற வரி கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே கையெழுத்தில், ஒரே சொற்களில் இருந்தது. உங்கள் நோட்டிலும் அப்படி ஒரு வரி இருக்குமானால், அதன் அடியில் நீங்களும் ஒப்பமிட்டிருக்கிறீர்கள், அந்தக் குழந்தையும் ஒப்பமிட்டிருக்கிறாள். படிக்காமல் போட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர் அல்லவா? மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு கூடத்தில் பாய் விரித்து அந்தக் குழு உட்கார்ந்திருந்தால், இந்தப் பேச்சைத் தெருவில் பிறர் வாயால் கேட்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்திருக்குமா?

அப்படி உட்கார்ந்த ஒரு கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி எழுந்து, மாலைப் பேருந்தில் இறங்கி வரும் வழியில் மதுக்கடைக்கு அருகே தெருவிளக்கு எரியவில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அருகிலிருந்த செவிலியர் அவளைத் தனியே அழைத்துப் பேசியபோதுதான், அந்த இருட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது. கூட்டம் என்று ஒன்று நடந்ததால் தெரிந்தது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். சொந்தம் என்பதற்காக ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன். சொந்தக்காரிக்குத்தான் முதல் கடமை. அந்த வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்து அடுப்படியில் உட்காரும் உரிமை மாவட்ட அதிகாரிக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பெற்றோர் என்ன நெருக்கடியில் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள், பொறுமையாகவே கேளுங்கள். அந்தப் பெண்ணிடமும் தனியாகப் பேசுங்கள். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை முடியட்டும் என்று தகவல் சொல்வதைத் தள்ளிப் போடாதீர்கள். மாசி தொலைவில் இல்லை.

குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது; உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்ற பொறுப்பு நம் மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. வயது வராமல் திருமணம் செய்துவைக்கப்படும் அபாயத்தில் உள்ள குழந்தையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வரையறுக்கிறது. எனவே மாவட்ட அளவில் இயங்கும் குழந்தைகள் நலக்குழுவும் இதில் தலையிட முடியும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி, முன்கூட்டியே நீதிமன்றத் தடையாணை பெறலாம். அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. நடத்திவைப்பவர்களுக்கு 2 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. போய் உட்கார்ந்து மொய் எழுதிவிட்டு வருகிறவர்களையும் அச்சட்டம் விட்டுவைக்கவில்லை என்பதை உங்கள் கணவர் அறிந்திருக்க வேண்டும். 18 வயது நிறையாத மனைவியோடு உறவு கொள்வது பாலியல் வன்புணர்வே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், மாப்பிள்ளைப் பையனின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கிறது. அத்தைக்கு இதை எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் யார்?

திருமணம் நின்ற பிறகும் உங்களுக்கு வேலை இருக்கிறது. அடுத்த முறை நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். கூட்டம் எந்த நாளில், எந்த இடத்தில் என்று கேட்டு அனுப்புங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் எழுந்து, பாதுகாப்புக் குழு இதுவரை எத்தனை முறை கூடியது என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். தெருவிளக்கையும் குடிநீரையும் கேட்கிற இடத்தில் இதையும் கேட்கலாம். உடன் பேச உங்கள் மகளிர் குழுவிலிருந்து நான்கு பேரை அழைத்துச் செல்லுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. இதைப் படித்து முடித்ததும் 1098-ஐ அழைத்துவிட்டு, நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாளா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.