புளியும் கொன்றையும் தழைச்சத்து கொடுக்குமா?

தாராபுரம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: புளி, கொன்றை, புங்கன், வெள்வேல் எல்லாமே அவரைக் குடும்பம்தானே, அப்புறம் வரப்பில் எதை நட்டாலும் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைத்துவிடாதா? நர்சரிச் சீட்டில் வெள்வேலுக்கு ‘வச்செல்லியா’ என்று போட்டிருக்கிறார்களே, அது வேறு மரமா?

கிடைக்காதுங்க. புளிக்கும் சரக்கொன்றைக்கும் வேர்முடிச்சே கிடையாது. தழைச்சத்து என்பது நைட்ரஜன்தான், காற்றிலுள்ள அதைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்த முடிச்சில்தான். அது இல்லாத மரம், வேம்பைப் போலவே, மண்ணில் இருப்பதை எடுத்துத்தான் வளரும்.

அவரைக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தது பூவை வைத்துப் பிரித்த மூன்று பிரிவுகள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து 2017-ல் அதை ஆறு துணைக்குடும்பங்களாக மாற்றிவிட்டார்கள். புளி ஒரு கிளை, ஆத்தியும் மந்தாரையும் இன்னொரு கிளை. இரண்டிலும் முடிச்சு இல்லை. பட்டாம்பூச்சி வடிவில் பூக்கும் புங்கன், அகத்தி, கிளைரிசிடியா இருக்கும் கிளையில் பெரும்பாலும் உண்டு. குழப்பம் கொன்றைக் கிளையில்தான். சரக்கொன்றை, வாதநாராயணன், மயில்கொன்றைக்கு முடிச்சு கிடையாது, ஆனால் முன்பு தனிப்பிரிவாக இருந்த வாகை, வெள்வேல், சூபாபுல், கொடுக்காப்புளி கூட்டம் கொன்றைகளுக்கு நடுவிலிருந்தே கிளைத்தது என்று தெரிந்ததால் அதையும் இதற்குள் சேர்த்துவிட்டார்கள், அவற்றுக்கோ முடிச்சு உண்டு. அதனால் துணைக்குடும்பப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பூவைப் பாருங்கள்: மகரந்தத் தாள்கள் குஞ்சம் கட்டியதுபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அநேகமாக முடிச்சு உண்டு.

வச்செல்லியா உங்கள் பழைய வெள்வேல்தான், முன்பு அதன் பேரினப் பெயர் அகேசியா. 2005-ல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் அந்தப் பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கே விட்டுவிட்டார்கள், எண்ணிக்கை அங்கேதான் அதிகம். புரோசோபிஸ் பேரினத்தில் இருந்த சீமைக்கருவேலும் 2022-ல் நெல்டுமா ஆகிவிட்டது. பழைய பேரினத்தில் நம் வன்னி நிற்கிறது, எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, எதை நடுவது? கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், வெள்வேலை வளர விடுங்கள், காயை மாடு தின்னும், கீழே கொழுக்கட்டைப்புல்லும் வரும். பயிர் வரப்புக்கு கிளைரிசிடியா. ஆனால் மரம் சும்மா நின்றால் போதாது, தழையை வெட்டி மண்ணில் போட்டால்தான் சத்து பயிருக்குச் சேரும். வாங்கும்போது நாற்றுப் பையில் ஒன்றைப் பிரித்துச் சல்லிவேரைப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை.