சிங்குலாரிட்டி: நீங்கள் கேட்டவை

கேள்வி: இயந்திரம் மனிதனைப் போல யோசிக்கத் தொடங்கும் நாளைத்தானே சிங்குலாரிட்டி என்கிறார்கள்?

பதில்: இல்லை, அது வாசற்படி மட்டுமே. சொல் கணிதத்திலிருந்து வந்தது. 1-ஐ 0.1-ஆல் வகுத்தால் 10. 0.001-ஆல் வகுத்தால் 1000. பூஜ்ஜியத்தால் வகுக்கப் போனால் விடையே கிடையாது. கணக்கு கைவிட்டுவிடும் அந்த இடத்தின் பெயர்தான் இது. நம்மை விஞ்சிய அறிவு தோன்றிய பின் நடக்கப்போவதை நம் அறிவால் கணிக்க இயலாது என்பதே பொருள். 'ஒருமைப்புள்ளி' என்ற தமிழாக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கணிப்பு முறிகிறது என்ற கருத்தே அதில் விடுபட்டுப் போகிறது.

கேள்வி: இதை முதலில் சொன்னவர் ரே குர்ஸ்வைலா?

பதில்: அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் எழுத்தாளருமான அவர் இதைப் பரவலாக்கியவர். 1957-ல் மறைந்த கணித மேதை ஜான் ஃபான் நாய்மனைப் பற்றி மறு ஆண்டு எழுதிய சக கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தாங்கள் இருவரும் இதைப் பேசியதைப் பதிவு செய்திருக்கிறார். இன்றைய பொருளை நிலைநாட்டியது 1993-ல் கணிதப் பேராசிரியரும் அறிவியல் புனைகதை எழுத்தாளருமான வெர்னர் விஞ்ச் எழுதிய கட்டுரை.

கேள்வி: மனிதன் செய்த இயந்திரம் மனிதனை எப்படி மிஞ்சும்?

பதில்: இதற்கு 1965-லேயே பிரிட்டிஷ் கணித அறிஞர் ஐ. ஜே. குட் விடை சொன்னார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங்குடன், எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றியவர். இயந்திரத்தை வடிவமைப்பதும் அறிவின் வேலைதான். எல்லா அறிவு வேலையிலும் நம்மை மிஞ்சும் இயந்திரம் தன்னைவிடச் சிறந்த ஒன்றை வடிவமைக்கும். அது இன்னொன்றை. ஆகவே அந்த முதல் இயந்திரமே மனிதன் செய்ய வேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு என்றார். இந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 'தன்னைக் கட்டுக்குள் வைக்கும் வழியை நமக்குச் சொல்லுமளவு அது பணிவாக இருந்தால்' என்று அவர் சேர்த்த நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரும் வருத்தம். அந்த நிபந்தனையில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

கேள்வி: எந்த ஆண்டு வரும்?

பதில்: குர்ஸ்வைல் 2045 என்கிறார். மனிதனை விஞ்சும் அறிவு 2005-க்கு முன்போ 2030-க்குப் பின்போ வந்தால் வியப்பேன் என்றார் விஞ்ச். நான் ஆண்டு சொல்ல மாட்டேன். கணினிச் சிப்பில் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய மின் சுவிட்சுகள் பெருகிய வேகத்தை அறிவு வளரும் வேகமாகக் கொள்வது பிழை. எவ்வளவு கூர்மையான அறிவுக்கும் சிப் ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், சோதனை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. இனி கணினி படிப்பது வீணா?

பதில்: வீணில்லை, படிக்கட்டும். இயந்திரத்தைக் கட்டுக்குள் வைப்பது பற்றி குட் வைத்த அந்த நிபந்தனைக்கு இன்னும் யாரும் விடை காணவில்லை. கணிதத்தையும் ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள்.