அட்டை விட்டு ரத்தம் எடுத்தால் உடம்பு சுத்தமாகுமா?

கும்பகோணம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் அப்பாவுக்குக் காலில் வெரிகோஸ் புண் (ரத்தக்குழாய் புடைத்து, ரத்தம் தேங்கி வரும் புண்), வாய்க்கால் அட்டையை விட்டுக் கெட்ட ரத்தத்தை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாய்க்கால் அட்டை வேண்டாம்.

ஆயுர்வேதத்தில் கெட்ட ரத்தத்தை வெளியே எடுப்பதற்கு ரக்தமோட்சணம் என்று பெயர், அட்டை விடுவது அதில் ஒரு முறை. பழங்கால ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர் 12 வகை அட்டைகளைச் சொல்லி, அதில் 6 விஷமுள்ளவை என்று அப்போதே பிரித்து வைத்தார். முறையான வைத்தியர் அட்டையை முதலில் மஞ்சள் கரைத்த நீரில் விடுவார். அப்புறம் புண்ணின் ஓரத்தில் விடுவார். குடித்து முடித்தால் தானாகவே விழும். விழாவிட்டால் வாயருகே மஞ்சள்தூளோ உப்போ தூவுவார்கள், பிய்த்து இழுக்கக் கூடாது. அது விழுந்த பிறகும் கடிவாயில் பல மணி நேரம் ரத்தம் கசியும், ஏனென்றால் அதன் எச்சிலில் ஹிருடின் என்ற உறையவிடாத பொருள் இருக்கிறது.

தேங்கிய ரத்தம் வடிந்து வீக்கம் குறையலாம். துண்டான விரலையோ தோலையோ ஒட்டவைக்கும் அறுவைக்குப் பின் அலோபதியிலும் இதற்காக அட்டை விடுகிறார்கள். ஆனால் உடம்பு முழுக்க ரத்தம் சுத்தமாகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும்தான் செய்கின்றன. பழுதான ரத்தக்குழாயும் இதனால் சரியாகாது.

அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி வாழ்கிறது, புண்ணில் சீழ் வைக்கும். நம் வயல் தண்ணீரில் பூச்சிமருந்தும் கலந்திருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தசோகை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ இந்தச் சிகிச்சையே ஆபத்து. முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள்.