வீடியோ காலில் மைக் தகராறு: கேள்வி-பதில்

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. மீட்டிங்கில் சேர்ந்ததும் எல்லாம் கரகரப்பாகிவிடுகிறது. ஹெட்செட் கெட்டுவிட்டதா?
– ஊட்டி வாசகர்

கெடவில்லை. அதிலுள்ள மைக் திறந்ததுமே ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு, அதாவது போன் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும்; ஸ்டீரியோ போய்விடும், தரமும் இறங்கும். கேட்க ஹெட்செட், பேச லேப்டாப் மைக் என்று தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் மாற்றினால் போதாது, ஜூம் செட்டிங்ஸுக்குள்ளும் எந்த மைக் என்று பாருங்கள்.

தகரக் கூரை வீடு. ஐப்பசி மழையில் டியூஷன் எடுத்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. மைக் பூஸ்ட்டை +30 வரை ஏற்றிவிட்டேன்.
– கோத்தகிரி ஆசிரியை

முதல் வேலையாக அதை 0-க்கு இறக்குங்கள், டீச்சர். எத்தனை முறை எழுதினாலும் எல்லோரும் இந்த பூஸ்ட்டில்தான் போய் நிற்கிறார்கள். பூஸ்ட்டுக்கு உங்கள் குரலும் மழையும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே தூக்கும். அப்புறம் பின்னணிச் சத்தத்தை நீக்கும் நாய்ஸ் சப்ரஷன் வசதி அந்த இரைச்சலை வெட்டும்போது அதே மாதிரி ஒலிக்கும் ‘ச’, ‘ஷ’ எழுத்துகளையும் சேர்த்து வெட்டிவிடும். மைக்கை இரண்டடியிலிருந்து அரையடிக்குக் கொண்டுவந்தாலே குரல் சுமார் 12 டெசிபல் கூடும், மழை கூடாது. ஒயர் வைத்த சாதாரண ஹெட்செட் வாங்குங்கள். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், மூச்சுக்காற்று இடிக்கும். உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். ஜூம் ஆடியோ செட்டிங்ஸில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் பேச்சை நிறுத்தும் நேரம் பார்த்து அது மழையை உயர்த்தும். எந்த மைக் என்று ஜூமுக்குள்ளும் பாருங்கள்.

ஆன்லைன் பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டி சில நொடிகளில் மறைந்துவிடுகிறது.
– குன்னூர் வாசகி

ஒரே சீராக ஒலிப்பதை ஜூம் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து நீக்குகிறது. ஆடியோ செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ எடுங்கள். வகுப்பு தொடங்கியதும் அது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள்.

நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. என் மைக்கை மாற்றவா?
– வெலிங்டன் வாசகர்

வேண்டாம். எதிர்முனையில் ஒருவர் ஸ்பீக்கரை அலறவிட்டிருக்கிறார், அல்லது ஒரே அறையில் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக மியூட் செய்யச் சொல்லுங்கள். யார் மியூட் செய்ததும் நிற்கிறதோ, அவர் பக்கம்தான் கோளாறு.

சவுண்ட் வரவில்லை. என்ன செய்வது?
– கூடலூர் வாசகர்

உங்களுக்குக் கேட்கவில்லையா, நீங்கள் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கவில்லையா? விண்டோஸா, மேக்கா? ஜூமா, கூகுள் மீட்டா? இதெல்லாம் எழுதாமல் எப்படிப் பதில் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.