மிளகாய்ப் பூ கொட்டுகிறது, வெயிலும் ஏறப்போகிறது: எதைத் தெளிப்பது?

கேள்வி: பொன்னேரிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கரில் மிளகாய் நட்டு இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த நான்கு நாட்களுக்கு வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி கூடுதலாக இருக்கும், ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. இப்போதே பூ கொட்டுகிறது. வெயில் தாங்கும் டானிக் ஒன்றையும், பூ உதிராமல் இருக்க ஒரு மருந்தையும் கலந்து அடிக்கும்படி மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். எப்போது அடிக்கலாம்? மழையை எதிர்பார்த்துப் பாய்ச்சலைக் குறைக்கலாமா? ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உப்பு கரிக்கும்.

பதில்: மழையை நம்பிப் பாய்ச்சலைக் குறைக்க வேண்டாம். ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்தால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகம் போனால் கால்பங்கில்தான் மழை பதிவாகும். கோடையில் திருத்தணிப் பக்கம் பிற்பகலில் திரளும் இடிமேகம் உங்கள் கடலோரத்துக்கு வந்து சேருவதற்குள் கரைந்துவிடுவதும் உண்டு.

அறிக்கையில் நீங்கள் பார்த்தது பகல் வெப்பத்தை. மிளகாய்க்காரர் முதலில் பார்க்க வேண்டியது இரவு வெப்பத்தை. இரவில் 24 டிகிரிக்கு மேல் போனாலே மிளகாயில் காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். மே மாதத்தில் சென்னைக் கடற்கரையில் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரி இருக்கிறது. ஆகவே இப்போது விரியும் பூக்களில் ஒரு பகுதி உதிரத்தான் செய்யும், அதை எந்தப் போத்தலும் முழுமையாகத் தடுக்காது. கத்திரி முடிந்தால் வெயில் தணிந்துவிடும் என்றும் கணக்குப் போடாதீர்கள்: நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களே இங்கு மோசமானவை என்பதால், அறிக்கையில் காற்றின் திசையையும் படியுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, பூ உதிராமல் இருக்க அடிக்கும் நாப்தலின் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி நட்ட 60ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுவதுதான். 4.5 சதவீதக் கரைசலாக இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 2.2 மில்லி போதும். மூடிக் கணக்கில் ஊற்றினால் மீதிப் பூவும் இலையும் சேர்ந்து கொட்டும். பிற்பகலில் கடற்காற்று தெளிப்பை அடித்துக்கொண்டு போகும், மாலையில் மழை வந்தால் கழுவிவிடும் என்பதால், காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு முன் பத்துப் பதினைந்து பூக்களை வெள்ளைத்தாளில் தட்டிப் பாருங்கள். இலைப்பேன் ஊர்ந்தால் உதிர்வுக்குக் காரணம் வெயில் மட்டுமல்ல.

டானிக் வேண்டாம். டானிக் என்று விற்கப்படும் உயிர்த்தூண்டிகள் (பயோஸ்டிமுலன்ட்) 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. உட்பொருள் அச்சிடாத போத்தலைக் கையில் வாங்காதீர்கள், ரசீது தராதவரிடம் எதையும் வாங்காதீர்கள். இரண்டையும் கலந்து அடிக்கச் சொல்லும் அறிவுரை உங்கள் செடிக்காகச் சொல்லப்பட்டதல்ல, அவருடைய விற்பனைக்காகச் சொல்லப்பட்டது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கிணற்று நீரின் உப்பு, கடைசி வரியில் போகிற போக்கில் வந்து நிற்கிறது. உங்களுக்குப் பக்கத்து மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்ட செய்தி. பாசன நீரின் மின்கடத்துதிறன், அதாவது நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு, மீட்டருக்கு 1 டெசிசைமனைத் தாண்டினாலே மிளகாயில் விளைச்சல் சரியத் தொடங்கும். வெயிலில் மண் எவ்வளவு நீரை ஆவியாக விடுகிறதோ அந்த அளவுக்கு உப்பு வேரடியில் தங்குகிறது; மறுநாள் அதே நீரைப் பாய்ச்சும்போது அது மேலும் சேர்கிறது. அறிக்கையில் வரும் எண் நிழலில் வைத்த வெப்பமானியின் எண் என்பதையும், மூடாத மண்ணின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் என்னிடம் உள்ள ஒரே மருந்து மூடாக்கு, அதாவது வைக்கோல், சருகு போன்றவற்றால் மண்ணை மூடுவது. நவரைப் பட்ட நெல் அறுவடை முடிந்த உடனேயே வைக்கோலை இயந்திரத்தால் கட்டுக் கட்டாகச் சுருட்டி விற்றுவிட்டு, அடுத்த மாதமே கடையில் பிளாஸ்டிக் தாளும் டானிக்கும் வாங்கும் வழக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. வைக்கோல் கிடைக்காவிட்டால் நிலக்கடலைத் தோல், கரும்புத்தோகை, உதிர்ந்த வேப்பிலை, எது கிடைத்தாலும் சரி. முதலில் நன்றாகப் பாய்ச்சி, ஈரம் இருக்கும்போதே பாரின் இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையேல் கழுத்தழுகலும் கரையானும் வரும். ஒன்றரை ஏக்கருக்கும் போதவில்லை என்றால் கிணற்றுக்குத் தொலைவில் காயும் வரிசைகளில் தொடங்குங்கள். பிளாஸ்டிக் தாள்தான் போடுவேன் என்றால் வெள்ளிநிறம் மேலே இருக்கட்டும். கோடையில் கருப்புப் பக்கம் மேலே இருப்பது வேரை வேகவைக்கும்.

பாய்ச்சல் விடியலிலோ மாலையிலோ, சால் நிறைய. உச்சிவேளையில் லேசாக நனைப்பதும், இந்த உப்பு நீரை இலைமேல் தெளிப்பதும் கூடாது. இந்த நான்கு நாட்களில் யூரியாவைத் தொடாதீர்கள். கிணற்றை அரைமணி நேரம் ஓடவிட்டு ஒரு போத்தலில் நீர் பிடித்து, மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவு வந்ததும் அந்த எண்ணோடு எழுதுங்கள். உரத்தைப் பற்றி அப்போது சொல்கிறேன்.