ஷெல்லாக் கோட்டிங் மூணு மாசத்துல கரைய மாட்டேங்குதா?
வணக்கம் நண்பா, ஷெல்லாக் (அரக்குப் பிசின்) புதுசா கோட் பண்ணப்போ என்டெரிக் டெஸ்ட், அதாவது வயித்து ஆசிட்ல கரையாம குடல்ல கரையுதானு பாக்குற டெஸ்ட், பாஸ் ஆன மாத்திரை, 40 டிகிரி 75 சதவீத ஈரப்பதத்துல மூணு மாசம் வெச்சதும் குடல் மாதிரியான பிஹெச் 6.8 பஃபர் கரைசல்ல உடையவே மாட்டேங்குதுனு சொல்றீங்க. ஆல்கஹால்ல கரைச்சு ஸ்ப்ரே பண்றதா வேற எழுதியிருக்கீங்க, எனக்கு அங்கதான் சந்தேகம்.

ஷெல்லாக்ல ஹைட்ராக்சிலும் இருக்கு கார்பாக்சிலும் இருக்கு, சூடு பட்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து எஸ்டராகி படலம் இறுகிடும், அரக்குப் பூச்சியோட பிசின்கிறதால லாட்டுக்கு லாட் வேற மாறும். அதுவுமில்லாம ஷெல்லாக் கரையறதே பிஹெச் 7 பக்கத்துலதான், அதனால 6.8ல முதல்லேர்ந்தே உங்களுக்கு மார்ஜின் கம்மி.

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. பழைய மாத்திரைலேருந்து படலத்தை உரிச்சு எத்தனால்ல போடுங்க, புதுசையும் பக்கத்துல போடுங்க. புதுசு கரைஞ்சு பழசு மட்டும் ஜெல்லி மாதிரி உப்பி அப்படியே நின்னா, மேல சொன்ன மாதிரி மூலக்கூறுகள் ஒண்ணா சேர்ந்து இறுகுற பாலிமரைசேஷன்தான். ஆசிட் வேல்யூவும் (மிச்சமிருக்கிற கார்பாக்சிலோட அளவு) பாருங்க, இறங்கியிருக்கும்.

என்னைக் கேட்டா அம்மோனியம் உப்பா மாத்தின தண்ணி ஷெல்லாக்குக்கு மாறுங்க, ஸ்டெபிலிட்டி நல்லாவே கூடும், ஆனா ட்ரையிங் சூட்டை ஏத்திடாதீங்க, அம்மோனியா பறந்துட்டா திரும்ப ஆல்கஹால்ல கரைச்ச ஷெல்லாக் மாதிரி பழைய ஆசிட் வடிவம்தான். கோட்டிங் எடையைக் குறைச்சு தண்ணியில கரையற பாலிமரான எச்பிஎம்சி கொஞ்சம் கலந்தும் பாருங்க, ஆனா ஆசிட்ல ரெண்டு மணிநேரம் தாங்குதானு மறுபடி டெஸ்ட் பண்ணாம பேட்ச் எடுக்காதீங்க. ஆல்கஹால் கரைசலை ரொம்ப நாள் வெச்சிருந்தா அதையும் சொல்லுங்க, ஏன்னா ஷெல்லாக் அந்த எத்தனாலோடயே சேர்ந்து எஸ்டராகும்.